விசையும் இயக்கமும்: கேரம் காயில் தொடங்கி ராக்கெட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் என் வீட்டு முன்னறையில் சாயங்கால நேரம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். விசைப் பாடம் தொடங்கும் அன்று யாரையும் புத்தகம் திறக்க விடமாட்டேன். கேரம் போர்டைத் தரையில் போட்டு, பவுடர் தூவி, ஒரு காயைச் சுண்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

"காய் விரலை விட்டுப் போயாச்சு. இப்போ நடுப்போர்டுல ஓடிட்டு இருக்கு. இந்த நொடியில அதை முன்னாடி தள்ளுறது யாரு?"

"நீங்க குடுத்த விசைதான் சார்."

"என் விரல் இங்க இருக்கே மக்கா."

"விசை காய்க்குள்ள இருக்குல்லா சார். அது தீருற வரைக்கும் ஓடும்."

ஒவ்வொரு வருடமும் இதே பதில்தான் வரும். கூட்டிப்போக வரும் அப்பா அம்மாவைக் கேட்டாலும் பெரும்பாலும் இதையேதான் சொல்வார்கள். பெட்ரோல் தீர்ந்தால் பைக் நிற்பது போல, விசை தீர்ந்ததும் காய் நிற்கிறது என்று மனசுக்குள் ஒரு கணக்கு. இது தப்பான கணக்கு. இதை மாற்றாமல் நியூட்டனின் மூன்று இயக்க விதிகளையும் ஒப்பித்தால் மார்க் வரும். பஸ் பிரேக் போடும்போது ஏன் விழுகிறோம் என்பது மட்டும் கடைசி வரை புரியாது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகும். எங்கே விசை என்ற சொல் வந்தாலும் உடனே கேளுங்கள்: கொடுப்பது யார், வாங்குவது யார்? இரண்டு பெயரும் சொல்ல முடிந்தால் அது விசை. கொடுப்பவர் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அப்படி ஒரு விசையே அங்கே இல்லை.

படி 1: விசையைப் பார்க்கப் பழகுவது

விசை என்றால் தள்ளுவது அல்லது இழுப்பது. கதவைத் தள்ளுகிறோம், கிணற்று வாளியை இழுக்கிறோம். இவற்றில் கை பொருளைத் தொடுகிறது, இவை தொடுவிசைகள். தொடாமலேயே வேலை செய்பவையும் உண்டு. காந்தம் குண்டூசியை இழுக்கிறது. பூமி தேங்காயை இழுக்கிறது. எட்டாம் வகுப்பு வரை உங்களுக்கு வரப்போகும் தொடாவிசைகள் மூன்றுதான்: புவியீர்ப்பு, காந்த விசை, நிலைமின் விசை (தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுப்பது போல). மற்றதெல்லாம் தொட்டால்தான் உண்டு. கேரம் காய்க்கு இந்த ஒரு வரியே பதில். விரல் தொடுவது நின்ற அந்த நொடியிலேயே விரலின் விசையும் முடிந்துவிட்டது. சேமித்து வைத்துக்கொள்ளக் காய்க்குள் பை ஒன்றும் இல்லை.

விசைக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. அதனால் அதை அம்புக்குறியாக வரைகிறோம். பெரிய விசைக்கு நீளமான அம்பு, சிறிய விசைக்குக் குட்டை அம்பு. அலகு நியூட்டன். ஒரு நியூட்டன் எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டும். 100 கிராம் தேயிலைப் பாக்கெட்டை உள்ளங்கையில் வையுங்கள். அது அழுத்துவது கிட்டத்தட்ட ஒரு நியூட்டன். ஒரு கிலோ சர்க்கரை என்றால் 9.8 நியூட்டன்.

வீட்டிலேயே ஒரு விசைமானி செய்யலாம். இதை ஒருமுறை செய்துவிட்டால் பிறகு வரும் பாதிப் பாடம் விளையாட்டாகிவிடும், அதனால் தவிர்க்காதீர்கள். 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலின் முனையில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் நூல் கோத்து ஒரு ரப்பர் பேண்டைக் கட்டுங்கள். பேண்டின் மறுமுனையில் ஜெம் கிளிப்பை வளைத்துக் கொக்கியாக்குங்கள். ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, கொக்கியில் ஒரு காலி அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, பேண்டின் கீழ்முனை நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அதுதான் சுழி. இருமல் மருந்து வந்த 100 மில்லி குப்பியால் அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். 100 மில்லி தண்ணீர் 100 கிராம், அதாவது சுமார் ஒரு நியூட்டன். ஒரு கோடு. இன்னொரு 100 மில்லி, இன்னொரு கோடு. இப்படி நான்கைந்து.

கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒரே அளவாக வராது. பயப்பட வேண்டாம், ரப்பரின் குணம் அது. ஆய்வகத்தில் இருக்கும் சுருள்வில் தராசில் மட்டும்தான் இடைவெளி ஒழுங்காக இருக்கும். இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பிரிக்காமல் ஒவ்வொரு கோட்டையும் ஊற்றிப் பார்த்துப் போடச் சொல்வது இதற்காகத்தான். எங்கள் மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்துக்குக் குறைவில்லை. ரப்பர் பால் வடிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ரப்பர் எப்படி இழுபடும் என்பதையும் ஒருநாள் அளந்து பார்த்த நினைவு இருக்கட்டும்.

படி 2: பொருளைத் தனியாக எடுத்து அம்பு வரைவது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை எடுங்கள். அதை ஒரு பெட்டியாக வரையுங்கள். அதன்மேல் மற்றவர்கள் கொடுக்கும் விசைகளை மட்டும் அம்பாகப் போடுங்கள். அந்தப் பொருள் மற்றவர்களுக்குக் கொடுப்பதை இந்தப் படத்தில் போடக் கூடாது. முக்கால்வாசித் தப்பு இங்கேதான் நடக்கிறது.

மேசைமேல் புத்தகம். பூமி அதைக் கீழே இழுக்கிறது: கீழ்நோக்கி ஒரு அம்பு. மேசை அதை மேலே தாங்குகிறது: மேல்நோக்கி அதே நீளத்தில் ஒரு அம்பு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. இவை சமன் செய்யப்பட்ட விசைகள். எல்லா அம்புகளையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சும் விசைக்குத் தொகுபயன் விசை என்று பெயர்; இங்கே அது சுழி. அசையாமல் இருக்கிறதே, விசையே இல்லை போலிருக்கிறது என்று நினைப்பவர்களை நான் கன்னியாகுமரிப் பாறைக்குக் கூட்டிப் போவேன், மனசால்தான். அங்கே நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. மொத்த எடை சுமார் 7,000 டன் என்று சொல்வார்கள். நியூட்டனில் சொன்னால் கிட்டத்தட்ட 7 கோடி. பூமி அவ்வளவு விசையோடு கீழே இழுக்கிறது, பாறை அதே அளவு மேலே தாங்குகிறது. வள்ளுவர் சும்மா நிற்கவில்லை. இரண்டு பிரம்மாண்டமான அம்புகளுக்கு நடுவில் நிற்கிறார்.

ஒரே திசையில் இரண்டு விசைகள் வந்தால் கூட்டுங்கள். எதிரெதிரே வந்தால் கழித்துவிட்டு, பெரியதன் திசையை எழுதுங்கள். சாய்வாக வந்தால்? அதற்குப் பெரிய வகுப்பில் கணக்கு உண்டு. இப்போதைக்குக் கரமடி இழுப்பதைப் பார்த்தால் போதும். கடலில் அரைவட்டமாக வலையை வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு குழுக்கள் இழுப்பார்கள். ஒரு குழு வலையைக் கரைக்கும் கொஞ்சம் மேற்குப் பக்கமும் இழுக்கும். மற்றது கரைக்கும் கொஞ்சம் கிழக்குப் பக்கமும் இழுக்கும். மேற்கும் கிழக்கும் அடித்துப்போய்விட, மிச்சம் கரைப்பக்கம் மட்டும். வலை நேராகக் கரைக்கு வருகிறது. இழுக்க இழுக்க இரண்டு குழுக்களும் ஒன்றையொன்று நெருங்கி வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? பக்கவாட்டில் வீணாகும் பங்கு அப்போது குறைகிறது. மடி, அதாவது வலையின் பைப்பகுதி, கரையை நெருங்கும்போது வாய் மூடிக்கொள்ளவும் அது வசதி.

படி 3: முதல் விதி

ஒரு பொருளின் மேல் சமன் செய்யப்படாத விசை செயல்படாத வரை, ஓய்வில் இருப்பது ஓய்விலேயே இருக்கும். ஓடுவது அதே வேகத்தில் அதே நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் பாதியை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது பாதியில்தான் தகராறு. எதுவும் ஓடிக்கொண்டே இருப்பதை நாம் கண்ணால் பார்த்ததில்லையே. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடம், ஓட வேண்டுமென்றால் யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் பெரிய பெரிய அறிஞர்கள் நம்பினார்கள். அதனால் கேரம் காய்க்குள் விசை இருக்கிறது என்று சொன்ன பிள்ளை முட்டாள் இல்லை. நல்ல துணையோடுதான் தப்பு செய்திருக்கிறது.

கலிலியோ இப்படி யோசித்தார். ஒரு சரிவில் உருண்டையை விடுங்கள். கீழே இறங்கி, எதிர்ச்சரிவில் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு ஏறும். எதிர்ச்சரிவைத் தணித்தால் அந்த உயரத்தைப் பிடிக்க இன்னும் தூரம் போகும். இன்னும் தணித்தால் இன்னும் தூரம். எதிர்ச்சரிவே இல்லாமல் சமதரையாக, வழவழப்பாக இருந்தால்? அது ஏன் நிற்க வேண்டும்?

இப்போது கேரம் போர்டுக்கு வருவோம். பவுடர் இல்லாமல் ஒருமுறை சுண்டுங்கள். காய் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். பவுடர் போட்டு அதே அளவு சுண்டுங்கள்; எதிர்ப்பக்கம் மோதித் திரும்பும். பவுடர் காயை முன்னால் தள்ளுவதில்லை. அது செய்வதெல்லாம் பின்னால் பிடித்து இழுக்கும் உராய்வைக் குறைப்பதுதான். ஓடும் காய்க்குப் படம் வரைந்தால் மூன்றே அம்புகள்: பூமி கீழே, போர்டு மேலே, போர்டின் உராய்வு பின்னால். முன்னோக்கி ஒன்றுமே இல்லை. காய் ஓடுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அது நின்றதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

இருக்கிற நிலையை மாற்ற மறுக்கும் இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். நிறை அதிகமாக இருந்தால் நிலைமமும் அதிகம்.

பஸ்ஸுக்குப் போவோம். வடசேரியில் ஏறி, இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். முன்னால் போய் விழுகிறீர்கள். உங்களை முன்னால் தள்ளியது யார்? பெயர் சொல்லுங்கள். யாரும் இல்லை. பஸ்ஸின் தரை உங்கள் காலைப் பிடித்து நிறுத்தியது. உடம்பின் மேல்பகுதி பழைய வேகத்திலேயே போனது, அவ்வளவுதான். பஸ் சட்டென்று கிளம்பும்போது பின்னால் சாய்வதும் இதே கதை: கால் கிளம்பிவிட்டது, தலை இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கிறது.

வளைவில்? தக்கலை தாண்டிப் பஸ் இடதுபக்கம் வளையும்போது நீங்கள் வலதுபக்கம் ஜன்னலோடு ஒட்டிக்கொள்கிறீர்கள். வெளியே தள்ளும் விசை என்று பிள்ளைகள் எழுதுவார்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் எழுதினேன், சரி என்று டிக்கும் வாங்கினேன். கொடுப்பவர் யார் என்று கேட்டால் அந்த விசை காணாமல் போய்விடும். நீங்கள் நேராகப் போகப் பார்த்தீர்கள். பஸ்தான் உங்கள் பக்கம் திரும்பி வந்து, ஜன்னல்பக்கச் சுவரால் உங்களை இடதுபக்கம் தள்ளியது. உங்கள்மேல் இருக்கும் விசை வளைவின் உள்பக்கம் நோக்கியது, வெளிப்பக்கம் அல்ல.

சோதனை வேண்டுமா? டம்ளர்மேல் பழைய கல்யாணக் கார்டு, கார்டின்மேல் ஐந்து ரூபாய் நாணயம். கார்டை மட்டும் சட்டென்று சுண்டுங்கள். நாணயம் டம்ளருக்குள் விழும். மெதுவாக இழுத்தால் கார்டோடு சேர்ந்து வந்துவிடும். மெதுவாக இழுக்கும்போது நாணயத்தையும் கூட்டிப்போக உராய்வுக்கு நேரம் கிடைத்துவிடுகிறது.

இடையில் உராய்வைப் பற்றி

உராய்வு தனி விதி இல்லை. ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த விதியும் புரியாது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தேரைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. நூற்றுக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுத்தும் முதலில் அசையாது. சக்கரத்துக்குப் பின்னால் தடி வைத்து நெம்புவதும் உண்டு. ஒருமுறை நகர்ந்துவிட்டால் அப்புறம் கடகடவென்று வரும். அப்போது நிறுத்துவது பெரும்பாடாகிவிடும். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுபவர்தான் அன்றைக்கு அங்கே நிலைமத்தோடு நேருக்கு நேர் மோதுபவர். என்னைக் கேட்டால் முதல் விதியின் இரண்டு பாதிகளையும் ஒரே தெருவில் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கிளப்ப அதிக விசை, ஓட்டக் குறைந்த விசை. இதை வீட்டில் அளக்கலாம். நாம் செய்த ரப்பர் விசைமானியை எடுத்து, ஒரு கனமான பாடப்புத்தகத்தைச் சுற்றி நூல் கட்டி, தரையில் வைத்து மெதுவாக இழுங்கள். பேண்ட் நீண்டுகொண்டே போகும், புத்தகம் அசையாது. அதாவது நீங்கள் கூட்டக் கூட்ட உராய்வும் கூடிக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் அதற்கு மேல் முடியாமல் கைவிடும். புத்தகம் நகர்ந்த உடனே பேண்ட் கொஞ்சம் சுருங்குவதைப் பாருங்கள். நகரும்போது இருக்கும் உராய்வு, நகரும் முன் எட்டிய உச்சத்தைவிடக் குறைவு. இனி புத்தகத்தின் அடியில் நான்கைந்து உருண்டைப் பென்சில்களை வைத்து இழுங்கள். பேண்ட் நீளுவதே தெரியாது. தேருக்கு ஏன் சக்கரம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உராய்வு எப்போதும் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். பனையேறுபவர் காலில் தளைநார் மாட்டி, மரத்தை இரண்டு பாதங்களாலும் அமுக்கிப் பிடித்து ஏறுகிறார். பூமி அவரைக் கீழே இழுக்கிறது. மரத்தின் சொரசொரப்பு அவரை மேலே பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு இறுக்கி அமுக்குகிறாரோ அவ்வளவு உராய்வு கிடைக்கும். மழை பெய்து மரம் வழுக்கினால் அன்றைக்கு ஏற்றம் இல்லை. நாம் தரையில் நடப்பதும் உராய்வால்தான். திற்பரப்பு அருவிக்கரையில் பாசி பிடித்த பாறைமேல் காலை வைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படி 4: இரண்டாம் விதி

முதல் விதி, விசை இல்லாவிட்டால் மாற்றம் இல்லை என்றது. இரண்டாவது, விசை இருந்தால் மாற்றம் எவ்வளவு என்று கணக்குச் சொல்கிறது.

தொகுபயன் விசை = நிறை × முடுக்கம்

முடுக்கம் என்பது ஒவ்வொரு நொடியும் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது. நிறை கிலோகிராமில், முடுக்கம் மீ/வி² அளவில் இருந்தால் விசை நியூட்டனில் வரும். காலி சைக்கிளில் ஒரு மிதி மிதித்தால் பாய்கிறது. பின்னால் தேங்காய் மூட்டையை ஏற்றிவிட்டு அதே மிதி மிதித்தால் முனகிக்கொண்டு நகர்கிறது. விசை அதே, நிறை கூடியது, முடுக்கம் குறைந்தது.

ஒரு கணக்கை வரிசையாகப் போடுவோம். 20 கி.கி. உள்ள தள்ளுவண்டியை 50 நியூட்டன் விசையால் தள்ளுகிறீர்கள். உராய்வு 10 நியூட்டன். மூன்று நொடியில் வேகம் என்ன?

முதலில் படம். கிடையாக இரண்டு அம்புகள்: முன்னால் 50, பின்னால் 10. தொகுபயன் 40 நியூட்டன், முன்னோக்கி.
முடுக்கம் = 40 ÷ 20 = 2 மீ/வி².
ஓய்விலிருந்து கிளம்பியதால் 3 நொடியில் வேகம் = 2 × 3 = 6 மீ/வி.

இதில் பிள்ளைகள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். உராய்வைக் கழிக்காமல் 50 ÷ 20 போட்டுவிடுவார்கள். அல்லது நிறையைக் கிராமில் கொடுத்திருந்தால் மாற்ற மறந்துவிடுவார்கள். படத்தை முதலில் வரைந்தால் முதல் தப்பு வராது. இரண்டாவது தப்புக்கு என்னிடம் மருந்து இல்லை, பழக்கம்தான்.

நிறையும் எடையும் ஒன்றா? இல்லை. நிறை என்பது பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது. எடை என்பது அதைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது; அதனால் எடை நியூட்டனில்தான் வரும். எடை = நிறை × 9.8. தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கிலோ பிச்சிப்பூவை வாங்கிச் சந்திரனுக்குக் கொண்டுபோனாலும் நிறை ஒரு கிலோதான். எடை மட்டும் ஆறில் ஒரு பங்காகிவிடும். கடையில் எடை என்ன என்று கேட்டுக் கிலோவில் பதில் வாங்குகிறோமே என்றால், அது கடை வழக்கு. அதைத் திருத்தப் போனால் பூ கிடைக்காது. தேர்வுத்தாளில் மட்டும் பிரித்து எழுதுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசை விரலால் அழுத்திப் பாருங்கள்: ஒரு பொருளும் வைக்காமலே 500 கிராம் காட்டும். அது உண்மையில் அளப்பது விசையைத்தான். அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது.

இனி இளநீர். தென்னையில் ஏறி முற்றிய தேங்காயை வெட்டினால் அப்படியே கீழே போட்டுவிடுவார்கள். இளநீர்க் குலை என்றால் கயிற்றில் கட்டி மெல்ல இறக்குவார்கள். ஏன் என்று மரம் ஏறுபவரைக் கேட்டால் "உடைஞ்சிரும்லா" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டாம் விதி முழுக்க இருக்கிறது.

20 மீட்டர் உயர மரம் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால் காய் கீழே வரச் சுமார் 2 நொடி ஆகும். நொடிக்கு 9.8 மீ/வி கூடுவதால் தரையைத் தொடும்போது வேகம் சுமார் 20 மீ/வி. மணிக்கு 72 கிலோமீட்டர்! தென்னைக்கு அடியில் கட்டில் போடாதே என்று பாட்டி திட்டுவது சும்மா இல்லை. இளநீரின் நிறை 2 கி.கி. என்றால் அதன் உந்தம், அதாவது நிறை × வேகம், 40 கி.கி. மீ/வி. தரை இந்த உந்தத்தை முழுக்கச் சுழியாக்க வேண்டும். கட்டாந்தரையில் அது நூறில் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

சராசரி விசை = உந்த மாற்றம் ÷ நேரம் = 40 ÷ 0.01 = 4,000 நியூட்டன்

400 கிலோ பாரத்தைத் தூக்கி வைத்தது போல. இளங்காய் தாங்குமா? அதே காய் வைக்கோல் போரில் விழுந்து நிற்கப் பத்தில் ஒரு நொடி எடுத்தால் விசை 400 நியூட்டன்தான். கயிற்றில் இறக்கினால் வேகமே சேராது. நேரம் கூடினால் விசை குறையும்: கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பதும், உயரம் தாண்டுபவர் மெத்தையில் விழுவதும், ஹெல்மெட்டுக்குள் நுரை வைப்பதும் இதற்காகவே.

இங்கே ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: தேங்காயும் பாக்கும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் எது முதலில் வரும்? மொட்டைமாடியிலிருந்து போட்டுப் பாருங்கள், கீழே ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு. கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். தேங்காயைப் பூமி அதிகமாக இழுக்கிறது, உண்மைதான். ஆனால் அதை வேகப்படுத்துவதும் அதே அளவு கஷ்டம். விசை நூறு மடங்கு, நிறையும் நூறு மடங்கு; வகுத்தால் முடுக்கம் இரண்டுக்கும் 9.8 தான். தென்னை ஓலை மெதுவாக வருகிறதே என்றால், அதைக் காற்று மேலே தள்ளுகிறது. கொடுப்பவர் பெயர் கிடைத்துவிட்டது.

படி 5: மூன்றாம் விதி

ஒன்று மற்றொன்றைத் தள்ளினால், அந்த மற்றொன்றும் முதலாவதை அதே அளவு விசையோடு எதிர்த்திசையில் தள்ளும். முதல் தள்ளலைச் செயல் என்றும், திருப்பித் தள்ளுவதை எதிர்ச்செயல் என்றும் சொல்வார்கள்.

பள்ளியில் படிக்கும்போது, குளச்சல் கரையை ஒட்டி நின்ற ஒரு சின்ன வள்ளத்திலிருந்து மணலுக்குக் குதிக்கப் பார்த்து, நடுவில் தண்ணீரில் விழுந்தேன். தூரம் மூன்றடி கூட இருக்காது. தரையில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன். ஆனால் தரையில் தாண்டும்போது தரை பின்னால் நகராது. வள்ளம் நகர்ந்தது. நான் வள்ளத்தைக் கடல் பக்கம் தள்ளினேன், வள்ளம் என்னைக் கரைப் பக்கம் தள்ளியது. 40 கி.கி. பையன் 3 மீ/வி வேகத்தில் கரைப் பக்கம் கிளம்பினால் உந்தம் 120. இரண்டு பேர்மேலும் ஒரே அளவு விசை, ஒரே நேரம் என்பதால் வள்ளத்துக்கும் எதிர்ப்பக்கம் அதே 120. வள்ளம் 200 கி.கி. என்றால் அது 120 ÷ 200 = 0.6 மீ/வி வேகத்தில் பின்னால் போகும். காலை எடுப்பதற்குள் வள்ளம் நழுவத் தொடங்குவதால் நினைத்த வேகம் எனக்குக் கிடைக்கவில்லை. சட்டை முழுக்க நனைந்து வீட்டுக்குப் போனபோது கிடைத்த எதிர்ச்செயல் தனிக் கதை.

துடுப்புப் போடுபவர் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறார், தண்ணீர் படகை முன்னால் தள்ளுகிறது. நடக்கும்போது நாம் தரையைப் பின்னால் தள்ளுகிறோம், தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. இதெல்லாம் எளிது. சிக்கல் இந்தக் கேள்வியில்தான்: இரண்டு விசைகளும் சமம், எதிர்த்திசை என்றால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடாதா? நாம் இழுக்கும் அளவு தேரும் நம்மைத் திருப்பி இழுத்தால் தேர் எப்படி நகரும்?

படி 2-க்குத் திரும்புங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள். தேரை மட்டும் வரைந்தால் கிடையாக இரண்டு அம்புகள்: வடம் முன்னால், உராய்வு பின்னால். வடத்தின் இழுப்பு பெரிதானால் தேர் கிளம்பும். தேர் திருப்பி இழுப்பது இந்தப் படத்தில் கிடையாது. அது இழுப்பவர்களின் படத்தில் இருக்கிறது. அவர்களை மட்டும் தனியாக வரையுங்கள்: வடம் அவர்களைப் பின்னால் இழுக்கிறது, அவர்கள் தரையைக் காலால் உதைக்கத் தரை அவர்களை முன்னால் தள்ளுகிறது. தரை தள்ளுவது பெரிதாக இருந்தால் அவர்களும் முன்னேறுவார்கள். செயலும் எதிர்ச்செயலும் எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்கள்மேல். உங்கள் வரவையும் பக்கத்து வீட்டுக்காரர் செலவையும் கழித்து மிச்சம் பார்க்க முடியாது. அத்தனை பேரையும் வழுவழுப்பான எண்ணெய்த் தரையில் நிறுத்தி வடத்தைக் கொடுத்துப் பாருங்கள்; தேர் அசையாது, அவர்கள்தான் வழுக்கித் தேரடிக்குப் போவார்கள்.

இதே குழப்பம் மேசைப் புத்தகத்திலும் வரும். பூமி புத்தகத்தைக் கீழே இழுப்பதும் மேசை புத்தகத்தை மேலே தாங்குவதும் செயல்–எதிர்ச்செயலா? இல்லை. இரண்டும் புத்தகத்தின் மேலேயே இருக்கின்றன, கொடுப்பவர்கள் வேறு. ஜோடியைக் கண்டுபிடிக்க வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். "பூமி புத்தகத்தை இழுக்கிறது" என்பதன் ஜோடி "புத்தகம் பூமியை இழுக்கிறது." ஆமாம், இழுக்கத்தான் செய்கிறது, அதே அளவு. பூமியின் நிறை அவ்வளவு பெரியது என்பதால் அது நகர்வது தெரிவதில்லை. "மேசை புத்தகத்தைத் தாங்குகிறது" என்பதன் ஜோடி "புத்தகம் மேசையை அமுக்குகிறது."

நியூட்டன் இந்த மூன்றையும் 1687-ல் இலத்தீனில் எழுதி வெளியிட்டார். அவர் பெயரைத்தான் நாம் விசையின் அலகாக வைத்திருக்கிறோம்.

சரிபார்த்துக்கொள்ள நான்கு கேள்விகள்

விடையைப் பார்க்கும் முன் கட்டாயம் படம் வரையுங்கள்.

ஒன்று. கன்னியாகுமரியிலிருந்து கிளம்பிய ரயில் நேரான பாதையில் மாறாத 90 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. தொகுபயன் விசை எவ்வளவு? சுழி. எஞ்சின் இழுப்பும் காற்று, தண்டவாளத் தடைகளும் சமம். வேகம் மாறவில்லை, திசை மாறவில்லை. அதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

இரண்டு. 40 கி.கி. மாணவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பெஞ்சு அவரை எவ்வளவு விசையோடு தாங்குகிறது? 40 × 9.8 = 392 நியூட்டன், மேல்நோக்கி. "40 கிலோ" என்று எழுதினால் மார்க் போய்விடும்.

மூன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலையின் இறக்கை காற்றை எதிர்த்துத் தள்ளுகிறதா, இல்லை காற்றுதான் இறக்கையைத் தள்ளுகிறதா? இரண்டும், ஒரே அளவில். இறக்கையைத் தள்ளிவிட்டுப் போகும் காற்று வேகம் குறைந்து, திசை திரும்பித்தான் வெளியே வரும்.

நான்கு. அதே ஆரல்வாய்மொழியிலிருந்து பார்த்தால் தெரியும் மலைப்பக்கம், திருநெல்வேலி மாவட்ட எல்லைக்குள், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின் சோதனை வளாகம் இருக்கிறது. ராக்கெட்டில் பொருத்தும் முன் திரவ எரிபொருள் எஞ்சின்களை அங்கே ஒரு தாங்கியில் இறுகப் பூட்டி எரித்துப் பார்க்கிறார்கள். அவற்றில் ஒன்றான விகாஸ் எஞ்சினின் உந்துவிசை சுமார் 8 லட்சம் நியூட்டன். அவ்வளவு விசை இருந்தும் எஞ்சின் ஏன் மேலே பறக்கவில்லை? அப்படியானால் மூன்றாம் விதி அங்கே வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது. எஞ்சின் வாயுவைக் கீழே தள்ளுகிறது, வாயு எஞ்சினை மேலே தள்ளுகிறது: இது ஜோடி. இங்கே வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை, அதனால்தான் காற்றே இல்லாத இடத்திலும் ராக்கெட் போகிறது. இனி எஞ்சினை மட்டும் வரையுங்கள். வாயு மேலே தள்ளுகிறது. பூட்டிய தாங்கி கீழே இழுத்துப் பிடிக்கிறது. எஞ்சினின் சொந்த எடையும் கீழே. மேலும் கீழும் சமம், அதனால் நகரவில்லை. அது முதல் விதி. தாங்கியைப் பிடித்திருப்பது யார் என்று அடுத்த கேள்வி கேட்டால், தாங்கியை மட்டும் எடுத்து இன்னொரு பெட்டி வரையுங்கள்.